பேட்டைப் பாட்டும் நிமிர்ந்த முத்திரையும்

அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் காலையில், புளித்த சோயாமொச்சையான நாத்தோவைக் குச்சியால் கிண்டி நுரை கிளப்பிக்கொண்டே தெய்ஜி குவாபாரா ஒரு பிரகடனம் செய்தார். அடுத்த ஆகஸ்டில் முன்னோர் நினைவுத் திருவிழாவான 'போன்' ஆட்டத்துக்குப் பேட்டை முழுக்கச் சுற்றிச் சுற்றி ஆடப்போகிற பாட்டு இந்த வீட்டில்தான் பிறக்கும். இங்கேயே பாடப்படும், இங்கேயே இசைத்தட்டாக வெட்டப்படும். யார் பாடுவார் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. அடக்கம். ஆனால் தொண்டையை இரண்டு முறை கனைத்துக்கொண்டார்.

முப்பத்தாறு வருஷமாக அவருடைய பிரகடனங்களைக் கேட்டு வருகிறவள் அவர் மனைவி கினுயே.

"சாப்ட்டதும் கிண்ணத்தத் தண்ணில போடுங்க. நாத்தோ காஞ்சா தேய்க்க முடியாது," என்றாள்.

இந்தப் பிரகடனத்துக்குப் பின்னால் ஒரு குற்றம் இருந்தது. மிதோரிகாவா மூன்றாம் பேட்டையில் வீடுகள் நாற்பத்து மூன்று, பாட்டு ஒன்று. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் பேட்டையின் முடிதிருத்துபவர் ஒருவர் பாடிக் கொடுத்தது. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார், அவரிடம் முடி வெட்டிக்கொண்ட தலைகளிலும் பாதி வழுக்கையாகிவிட்டன. மிஞ்சியது ஒரே ஒரு இசைத்தட்டு. அதுவும் தேய்ந்துபோய், மூன்றாம் அடியில் 'ஆத்து மேல நிலா வருது' என்ற இடத்தில் மூன்று முறை விக்கும். நிலா வரு, நிலா வரு, நிலா வரு என்று விக்கிவிட்டு நான்காவது முறை தானாகவே கடந்து போகும். பேட்டைக்காரர்கள் யாரும் அதைச் சரிசெய்ய முயலவில்லை. பாட்டு விக்கினால் தாங்களும் விக்குவோம் என்று முடிவு செய்தார்கள். அந்த இடம் வந்ததும் எல்லோரும் பின்னால் மூன்று குதி குதித்துவிட்டு மேலே ஆடுவார்கள். இருபத்தைந்து வருஷமாக அதுவே ஆட்டம்.

போன ஆகஸ்டில் பாட்டுப் பொறுப்பு தெய்ஜியுடையது. மதியம் அவர் தட்டை மரமேடைக்குக் கொண்டுபோனார், உச்சி வெயிலில் வைத்தார், பார்லி தண்ணீர் குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது தட்டு கிண்ணமாகியிருந்தது. அதில் சோறு போட்டுச் சாப்பிடலாம். அன்று சாயங்காலம் பேட்டை கைதட்டிக்கொண்டே ஆடியது. பேட்டைச் சங்கத்தின் தலைவர், எண்பத்து நான்கு வயது ஓரிஹாரா, தெய்ஜியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மௌனத்தைத்தான் தெய்ஜியால் இரண்டு மாதமாகச் செரிக்க முடியவில்லை.

இன்னொரு காரணமும் இருந்தது. அவர் முப்பத்தெட்டு வருஷம் நகராட்சியில் சான்றிதழ் பிரிவில் உட்கார்ந்தவர். குடும்ப அட்டை நகல், பிறப்பு நகல், இறப்பு நகல். எல்லாம் நகல். அத்தனை வருஷமும் அவர் குரலுக்கு இருந்த ஒரே வேலை, "அடுத்தவர் வரலாம்" என்று சொல்வது. அந்தக் குரலை ஒரு தடவையாவது நாற்பத்து மூன்று வீடும் கேட்டு ஆடவேண்டும் என்று அவருக்கு ஆசை. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கினுயேவிடம் சொல்லவேண்டிய அவசியம் இல்லை, அவளுக்குத் தெரியும்.

தட்டு வெட்டும் இயந்திரம் மூன்று மரப்பெட்டிகளில் வந்தது. தூக்கி வந்தவர்கள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். தெற்குப் பார்த்த, ஆறு பாய் விரித்த அறையில் தெய்ஜி அதை நிறுத்தினார். வீட்டிலேயே நல்ல அறை அதுதான். அதுவரை அங்கே வியாழக்கிழமைதோறும் கினுயேவின் தோழிகள் ஏழு பேர் கூடிக்கொண்டிருந்தார்கள். பதினொரு வருஷமாகக் கூடுகிறார்கள். அவர்களைப் பற்றித் தெய்ஜிக்குத் தெரிந்தது இரண்டு விஷயம்: அரிசி அப்பளத்தை நொறுக்கித் தின்பார்கள், சத்தம் போடுவார்கள். என்ன சத்தம் என்று அவர் கேட்டதில்லை. அவர்கள் வந்தால் அவர் நடக்கப் போய்விடுவார். குழு இப்போது பக்கத்து வீட்டு இஸோபே அம்மாளின் கூடத்துக்குக் குடிபெயர்ந்தது.

அந்த இஸோபே அம்மாள் மூலமாகத்தான் கினுயேவுக்கு ஒரு துண்டறிக்கை கிடைத்தது. அம்மாளின் ஒன்றுவிட்ட தம்பி இசைத்தட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறான். பாட்டைப் பதிவு செய்து அனுப்பினால் அவர்களே மூலத்தட்டு வெட்டி, அதன் மேல் உலோகம் பூசி, உரித்து, அச்சு எடுப்பார்கள். அச்சு இரண்டுக்கும் நடுவில் சூடான பிளாஸ்டிக் உருண்டையை வைத்து நசுக்கினால் அரை நிமிஷத்துக்கு ஒரு தட்டு விழும். நான்கு மாதம் ஆகும். குறைந்தது நூறு தட்டு எடுத்துக்கொள்ளவேண்டும்.

தெய்ஜி துண்டறிக்கையை இரண்டு விரலால் பிடித்துத் தள்ளி வைத்தார்.

"இது பாட்டில்ல கினுயே. தையாக்கி. மாவ ஊத்தி, அச்ச மூடி, மீன் மீனா எடுத்துப் போடறது."

"தையாக்கி நல்லாத்தானே இருக்கு."

"ஒண்ணுக்கொண்ணு நகல். நகல் எடுத்து எடுத்து என் கை தேஞ்சது போதாதா? வீட்ல வெட்டற தட்டு அப்படியில்ல. ஒவ்வொண்ணும் அசல். ஒவ்வொண்ணுலயும் உயிர் இருக்கும்."

"தொழிற்சாலைல ஒரே மாதிரி வரும், தேயாதுன்னு இஸோபே சொல்றா."

"நூறு தட்டு வாங்கணுமாம். நம்ம பேட்டைல நாப்பத்து மூணு வீடு. மிச்சம் அம்பத்தேழ வச்சு என்ன பண்றது?"

"நீங்க வெயில்ல வைக்கறதுக்கு ஆகும்," என்றாள் கினுயே.

தெய்ஜி அன்று மாலையே வேலையில் இறங்கினார்.

வீட்டில் தட்டு வெட்டுவது பார்க்கிறவர்களுக்கு எளிது. வெறும் கறுப்புத் தட்டு சுழலும், மேலே ஒரு விளக்கு அதைச் சூடாக்கும், வைர ஊசி பாட்டைக் கோடாகக் கீறிக்கொண்டே உள்ளே போகும். கீறி வரும் பிளாஸ்டிக் இழை தலைமுடி கனத்தில் சுருண்டு வரும், அதை ஒரு குழாய் உறிஞ்சிக்கொள்ளவேண்டும். நான்கு நிமிஷப் பாட்டுக்கு நான்கு நிமிஷம். அழிக்க முடியாது, திருத்த முடியாது. விவரம் தெரிந்தவர்கள் பாட்டை முதலில் வேறெதிலாவது பதிந்துகொண்டு நிதானமாகத் தட்டில் ஏற்றுவார்கள். தெய்ஜி அதற்கு ஒப்பவில்லை. பதிந்ததை ஏற்றினால் அது நகல். அவர் ஊசியின் எதிரிலேயே உட்கார்ந்து, ஒரு கையால் சின்ன மேளத்தைத் தட்டிக்கொண்டு, நேரடியாகப் பாடுவார். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தடவை பாடுவார்.

அந்த நான்கு நிமிஷத்துக்கு வீட்டில் யாரும் மனிதராக இருக்கக்கூடாது. கெட்டில் கொதிக்கக்கூடாது. கழிவறையில் தண்ணீர் விடக்கூடாது. கினுயே காலுறை இரண்டு ஜோடி போட்டுக்கொண்டு நடந்தாள். முதல் தட்டு அருமையாகப் போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் அடியில் அவர் குரலை உயர்த்தியபோது, குளியலறைச் சுவரில் இருக்கும் கருவி ஒரு சின்ன மெட்டு வாசித்துவிட்டு, "குளிக்கத் தண்ணீர் தயாராகிவிட்டது" என்று இனிமையாக அறிவித்தது. அதை மறுபடி போட்டுக் கேட்டார்கள்.

"அந்தப் பொண்ணு குரல் சுத்தமா விழுந்திருக்குங்க," என்றாள் கினுயே. "உங்களோடதுதான் கொஞ்சம் தள்ளிக் கேக்குது."

இரண்டாம் தட்டில் தெருவோடு போன மண்ணெண்ணெய் வண்டியின் பாட்டு விழுந்தது. மூன்றாவதில் நகராட்சி ஒலிபெருக்கியின் ஐந்து மணி இசை. முப்பத்தெட்டு வருஷம் அந்த இசைக்காக ஏங்கிக் காத்திருந்த மனிதர் அன்று முதல்முறையாக நகராட்சியைத் திட்டினார். ஏழாவதில் குழாய் அடைத்துக்கொண்டு இழை காற்றில் பறந்தது. அதில் கொஞ்சம் அடுக்களை வரை போய் இறங்கியது. மதியச் சோற்றோடு கறுப்பாகச் சுருண்டிருந்ததை ஹிஜிக்கிப் பாசி என்று நினைத்து இரண்டு வாய் மென்றுவிட்டுத்தான், "இன்னிக்கு சரியா வேகலையே," என்றார். பிப்ரவரியில் தேவதாரு மகரந்தம் கிளம்பியது. பதினான்கிலிருந்து பத்தொன்பது வரை எல்லாத் தட்டும் தும்மலில் போயின. ஒரு தும்மலுக்கு ஊசி துள்ளி ஆறு கோடு தாண்டும்.

கெட்டுப்போன தட்டுகளைக் கினுயே எறியவில்லை. கயிறு கட்டி, தெருமுனையில் குப்பை வைக்கும் இடத்து வலையில் தொங்கவிட்டாள். காற்றில் அவை பளிச்சிட்டுச் சுழல, வாரம் இரண்டு முறை குப்பையைக் கிளறிக் கொண்டிருந்த காக்கைகள் அந்தப் பக்கமே வரவில்லை. பேட்டைக்கு ஏக சந்தோஷம். தெய்ஜியின் குரல் ஊருக்கு முதன்முதலாகப் பயன்பட்டது அங்கேதான்.

வீடு நிசப்தமாக இருக்கட்டும் என்று கினுயே வியாழக்கிழமை மட்டும் போய்வந்த இஸோபே வீட்டுக்குச் செவ்வாயும் போக ஆரம்பித்தாள். பிறகு சனிக்கிழமையும். மனைவியின் ஒத்துழைப்பைத் தெய்ஜி மனமாரப் பாராட்டினார்.

மார்ச் கடைசியில், இருபத்து மூன்றாவது தட்டு பிசிறில்லாமல் வந்தது. தும்மல் இல்லை, வண்டி இல்லை, குளியலறைப் பெண் இல்லை. பேட்டைக் கூடத்தில் வசந்தகாலத் துப்புரவு நாளன்று, எல்லோரும் துடைப்பத்தைச் சாத்திவைத்த நேரம் பார்த்து அதைப் போட்டார். முதல் அடி நன்றாகப் போனது. இஸோபே அம்மாள் எழுந்து ஆடினாள், பின்னால் பதினைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். தெய்ஜிக்குக் கண் நிறைந்துவிட்டது. மூன்றாம் அடி வந்தது. ஆற்றின் மேல் நிலா வந்தது. வந்த நிலா நிற்காமல் போய்விட்டது. ஆனால் இருபத்தைந்து வருஷத்துக் கால்கள் பாட்டையா கேட்கும்? எல்லோரும் பின்னால் குதித்தார்கள். ஒரு குதி, இரண்டு குதி. மூன்றாவது குதிக்குள் பாட்டு எங்கேயோ போய்விட்டது. கொஞ்சம் காது தெளிவாக இருந்தவர்கள் முன்னால் வர, மற்றவர்கள் பின்னால் வர, தலைவர் ஓரிஹாராவின் முதுகு இஸோபே அம்மாளின் மூக்கில் போய் முட்டியது.

"பாட்டு சரியாத்தான் இருக்கு," என்றார் தெய்ஜி. "ஆடறதுதான் தப்பு. நான் வேணா ஞாயித்துக்கிழமைல வகுப்பெடுத்து சரி பண்றேன்."

ஓரிஹாரா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓர் ஓரமாகப் போய்க் கூட்ட ஆரம்பித்தார். மறுபடியும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கினுயே, அந்த இடத்தை மூன்று முறை பாடிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமே என்றாள். அவர் அதிர்ந்துபோனார். விக்கல் என்பது பிழை. பழைய ஆவணத்தில் மைக்கறை இருந்தால் புதிய ஆவணத்திலும் மை கொட்டுவார்களா? பிழையை நகல் எடுக்க அவர் பிறக்கவில்லை. பேட்டைதான் திருந்தவேண்டும். அது திருந்துவதற்கு அவர் ஒரு வழியும் கண்டுபிடித்தார்: வீட்டுக்கு ஒரு தட்டு. நாற்பத்து மூன்று தட்டு, ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பாடி வெட்டியது. ஏப்ரல் முதல் ஜூலை வரை எல்லா வீட்டிலும் போட்டுப் போட்டுக் கேட்டால் கால்கள் தானாகத் திருந்தும்.

"நல்லா யோசிச்சுட்டீங்களா?"

"முடிவு பண்ணியாச்சு."

"சரிங்க," என்றாள் கினுயே. முப்பத்தாறு வருஷத்தில் அவள் அவ்வளவு சுலபமாகச் 'சரி' சொன்ன நாட்கள் மிகக் குறைவு. அதற்கு முந்தைய 'சரி'களுக்குப் பிறகு என்ன நடந்தது என்று தெய்ஜி அப்போது கொஞ்சம் நினைத்துப் பார்த்திருக்கலாம்.

இங்கே அவருடைய முத்திரையைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். நகராட்சியில் ஒரு காகிதம் மேலே போகும்போது கட்டம் கட்டமாக முத்திரை ஏறும். பெரியவர் கட்டம் இடது கோடியில். வலப்பக்கம் இருக்கும் சின்னவர்கள் தங்கள் முத்திரையைக் கொஞ்சம் இடதுபக்கம் சாய்த்து வைக்கவேண்டும். பெரியவர் முத்திரையைப் பார்த்து அது தலைவணங்கி நிற்கும். எங்கும் எழுதி வைத்த சட்டமில்லை, மீறியவனும் இல்லை. தெய்ஜி முப்பத்தெட்டு வருஷம் சாய்த்தார். ஓய்வு பெற்ற மறுநாள், தன் பெயர் 'குவாபாரா' என்று செதுக்கிய முத்திரையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஒரு சபதம் செய்தார். இனி இது யாருக்கும் சாயாது. அதைக் கினுயேவிடம்கூட அவர் கொடுத்ததில்லை.

அது சாயாமல் நின்று பெருமைப்படுவதற்கு மிஞ்சியிருந்த ஒரே இடம் பேட்டைச் சங்கத்தின் சுற்றுப்பலகை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, காகிதங்கள் செருகிய அட்டை ஒன்று வீடு வீடாக வரும். சாக்கடை சுத்தம் செய்யும் நாள், காணாமல் போன பூனை, குப்பை பிரிக்கும் விதியில் மாற்றம். படித்து, பெயருக்கு நேரே முத்திரையிட்டு, அடுத்த வீட்டுக்குக் கொடுக்கவேண்டும். சான்றிதழ் பிரிவில் தெய்ஜியின் மேஜைமேல், 'படித்துப் பார்த்த பிறகே முத்திரையிடவும்' என்று எழுதி வைத்திருந்தார். படிக்காமல் வைத்ததற்காக இந்தப் பேட்டையிலேயே பாதிப் பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார், இஸோபே அம்மாளை மூன்று முறை. சுற்றுப்பலகையை மட்டும் அவர் ஒரு நாளும் படித்ததில்லை. பூனையைப் பற்றி அவருக்கென்ன?

ஏப்ரல் இரண்டாம் வாரம் பலகை வந்தது. அவர் நாற்பத்து மூன்றில் எட்டாவது தட்டில் குனிந்திருந்தார், காதில் பெரிய ஹெட்ஃபோன். கினுயே பலகையை நீட்டியபடி பக்கத்தில் மண்டியிட்டாள்.

"முத்திரை வைக்கணுங்க."

அவர் ஒரு காதை மட்டும் விடுவித்துக்கொண்டு முத்திரையை எடுத்தார்.

"படிக்கலையா?"

"படிச்சிட்டிருந்தா தட்டு ஆறிப்போயிடும்."

"மூணாவது பக்கத்துல உங்களப் பத்திதான் போட்டிருக்கு. படிச்சிடுங்களேன்."

"என்னைப் பத்திப் போட்டா நல்லதாத்தானே இருக்கும்," என்று சொல்லிக்கொண்டே குவாபாரா என்று ஓங்கி ஒரு முத்திரை வைத்தார். கம்பம் நட்டதுபோல நேராக நின்றது. அதைத் தலை சாய்த்து ரசித்துவிட்டு மறுபடி காதை மூடிக்கொண்டார். கினுயே பலகையை எடுத்துக்கொண்டு இஸோபே வீட்டுக்குப் போனாள். வழக்கமாக உடனே வந்துவிடுகிறவள், அன்று சாயங்காலம்தான் வந்தாள்.

நாற்பத்து மூன்று தட்டும் முடிய ஜூலை கடைசியாகிவிட்டது. வாரத்துக்கு மூன்று நல்ல தட்டு வந்தால் அதிகம். கால்களைத் திருத்த நேரமில்லை. போகட்டும், ஆட்டத்தன்றே எல்லோருக்கும் கொடுத்துவிடலாம் என்று எல்லாவற்றையும் ஊதாத் துணியில் மூட்டை கட்டினார். அதில் முதலில் வெட்டியதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டதில் அது தேய்ந்து, உச்ச இடங்களில் எண்ணெயில் எதையோ போட்டதுபோலப் பொரிந்தது. வீட்டில் வெட்டும் தட்டு கொஞ்சம் இளசு. அந்தத் தட்டை மூட்டையின் அடியில் வைத்துவிட்டார். பேட்டையில் யாருக்காவது காது மந்தமாக இருக்கும்.

ஆகஸ்ட் பதினைந்து. கோவில் மைதானத்தில் மரமேடை, சுற்றி விளக்குகள், சோளம் வாட்டும் வாசனை. தெய்ஜி புது யுகாதா அங்கியைக் கட்டிக்கொண்டு மூட்டையோடு போனார். அவர் வந்து சேர்வதற்கு முன்பே மேடைமேல் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. ஒருவர் பக்கத்தில் நின்று அதற்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார். வெயில் போய் ஒரு மணி நேரமாகியிருந்தது, இருந்தாலும் குடை இருந்தது. ஓரிஹாரா பெட்டியைத் திறந்து, உறையிலிருந்து பளபளவென்று ஒரு தட்டை உருவிச் சுழலவிட்டார்.

மேளம் கேட்டது. அடுத்து ஒரு பெண்குரல் எழுந்தது. அதில் வயது இருந்தது, வயதுக்கு அஞ்சாத ஒரு துணிச்சலும் இருந்தது. மேலே போகவேண்டிய இடத்தில் அவசரப்படாமல் போனது. தெய்ஜி யார் என்று கேட்கத் திரும்பினார். கேட்கவேண்டியிருக்கவில்லை. அந்தக் குரல்தான் தினமும் அவரைக் கிண்ணத்தைத் தண்ணீரில் போடச் சொல்கிறது. பதினொரு வருஷமாக அந்த ஏழு பெண்களும் அப்பளத்துக்கு நடுவில் என்ன சத்தம் போட்டார்கள் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. கோபம் வந்தது. பாட்டு நன்றாக இருந்தது, அதனால் கோபம் இன்னும் கூடியது.

மூன்றாம் அடி. ஆத்து மேல நிலா வரு. தட்டுக்குள் யாரோ தட்டிய மரத்துண்டு ஒன்று, பழைய ஊசி விக்குவதுபோல, 'டிக்' என்றது. நிலா வரு. டிக். நிலா வரு. டிக். பேட்டை மொத்தமும் ஒரே காலாகப் பின்னால் குதித்தது. தலைவர் ஓரிஹாரா தன் எண்பத்து நான்கு வயதோடு மூன்று குதியும் குதித்தார். தெய்ஜி எதிர்ப்பாக நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு கீழே பார்த்தால், அவரும் மூன்றடி பின்னால் இருந்தார்.

பாட்டு முடிந்ததும் மேடைக்கு ஏறினார்.

"தலைவரே, இத யார் முடிவு பண்ணது?"

ஓரிஹாரா யுகாதாவின் மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார். சுற்றுப்பலகையின் மூன்றாம் பக்கம். ஒன்று: பேட்டைப் பாட்டைத் தொழிற்சாலையில் நூறு இசைத்தட்டுகளாக அச்சிடுவது. இரண்டு: திருமதி குவாபாராவும் வியாழக்கிழமைக் குழுவும் பாடுவது, விக்கல் உட்படப் பழையபடியே. மூன்று: குழுவின் பயிற்சிக்காகக் குவாபாரா வீட்டு ஆறு பாய் அறையை ஆகஸ்ட் முடிந்ததும் திருப்பித் தருவது. நான்கு: திரு. குவாபாரா வெட்டும் தட்டுகள் காக்கைகளை விரட்டுவதில் சிறந்து விளங்குவதால், குப்பைமுனைப் பொறுப்பை அவரே ஏற்பது. சம்மதிக்கும் குடும்பத் தலைவர்கள் முத்திரையிடவும், சம்மதமில்லாதவர்கள் கட்டத்தைக் காலியாக விடவும். கீழே நாற்பத்து மூன்று முத்திரைகள். அவற்றில் ஒன்று மற்ற எல்லாவற்றையும்விட அழுத்தமாக, கம்பம்போல நேராக நின்றது.

'நான் இதைப் படிக்கலை' என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. மேடைக்குக் கீழே இஸோபே அம்மாள் விசிறிக்கொண்டு நின்றாள், மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டவள். அவள் பக்கத்தில் இருந்தவரை இரண்டு முறை அனுப்பியிருந்தார். அதற்குப் பக்கத்தில் இருந்தவருக்கு விதிமுறையை உரக்கப் படித்துக்காட்டியே அனுப்பியிருந்தார். எல்லோரும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"படிச்சுப் பாத்துத்தானே வச்சீங்க, குவாபாரா சான்?" என்றார் ஓரிஹாரா. ஒரு வருஷத்தில் அவர் தெய்ஜியிடம் பேசிய முதல் வாக்கியம் இது.

"படிக்காம வைப்பேனா?" என்றார் தெய்ஜி. "வரி வரியாப் படிச்சேன். அந்த நாலாவது எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது."

ஓரிஹாரா மைக்கை வாங்கி, மனைவி பாடுவதற்காகத் தன் பாட்டையும் தன் அறையையும் மனமுவந்து விட்டுக்கொடுத்த குவாபாரா சானின் பெருந்தன்மையைப் பேட்டை மறக்காது என்றார். நாற்பத்து மூன்று வீடும் குனிந்து வணங்கியது. தெய்ஜியும் குனிந்தார். நிமிரக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார்.

மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பும் வழியில் கினுயே அவருக்கு வாட்டிய சோளம் ஒன்று வாங்கிக் கொடுத்தாள். பாதி வழிக்குள் அவர் அதைக் கொறித்து முடித்துவிட்டார்.

"நல்லாப் பாடினே," என்றார் கடைசியில். சொல்ல விருப்பமில்லைதான், ஆனால் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

"நீங்க கேட்டதே இல்லையே."

"அதுக்காக இப்படியா? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"படிங்கன்னு சொன்னேனே."

"சொன்னே."

"ரெண்டு தடவ சொன்னேன்."

"ரெண்டு தடவ."

"மூணாவது தடவ சொன்னா விக்கின மாதிரி இருக்கும்னு விட்டுட்டேன்."

செப்டம்பரில் இயந்திரம் மறுபடியும் மூன்று பெட்டிகளுக்குள் போனது. நாற்பத்து மூன்று அசல்களும் குப்பைமுனையில் வரிசையாகத் தொங்குகின்றன. தெய்ஜி தினமும் காலையில் போய்க் கயிறு சரிபார்த்துவிட்டு வருகிறார். பேட்டையின் காக்கைகள் நான்காம் பேட்டைக்குக் குடிபோய்விட்டதாகக் கேள்வி.

அக்டோபரில் சுற்றுப்பலகை வந்தது. இந்த முறை அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முதல் பக்கத்தைப் படித்தார். இரண்டாம் பக்கத்தைப் படித்தார். மூன்றாம் பக்கத்தை மூன்று முறை படித்தார். காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சாக்கடை சுத்தம், காய்ச்சல் ஊசி போடும் நாள், அதே பூனை, மறுபடியும் காணோம். புதுச் செய்தி ஒன்றுதான்: பேட்டையில் இவர்கள் பக்கத்துக்குப் புதிய குழுத்தலைவி, கினுயே குவாபாரா. இடது கோடிக் கட்டத்தில் அவள் முத்திரை சிவப்பாக இருந்தது. புதிதாகச் செய்து வாங்கியிருக்கிறாள். அவருடையதைவிட ஒரு சுற்றுப் பெரிது.

கினுயே எதிரில் உட்கார்ந்து தேநீரை ஊதிக்கொண்டிருந்தாள். ஆட்சேபிக்க ஒன்றுமில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு, தெய்ஜி பையிலிருந்து முத்திரையை எடுத்து, சிவப்பு மையில் ஒற்றி, தன் கட்டத்தில் நிதானமாக வைத்து எடுத்தார்.

முப்பத்தெட்டு வருஷத்துக் கை. வலது கட்டத்துக் குவாபாரா, இடது கட்டத்துக் குவாபாராவைப் பார்த்துத் தலைவணங்கி நின்றது.